இருபத்தெட்டு நாள் சோப்பு

எல்லைப் போராட்டம் நடந்த வருடங்களில் ஒருமுறை, நான் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடம் ஒன்பது நாள் தொடர்ந்து மூடிக் கிடந்தது. பள்ளிக்கூடம் இருந்த தனுவச்சபுரத்துக்குப் பஸ்ஸும் இல்லை. என் மனைவிக்கு ஏழாம் மாதம். பேறுகாலத்துக்கு அவளை அழைத்துப் போக, பனச்சமூட்டுக்கு அப்பாலிருந்து அவள் அண்ணன் வர வேண்டும். பஸ் ஓடுகிற அன்று வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

கடைச் சோப்பு பட்டால் அவள் கை தடித்துச் சிவக்கும். பிள்ளைத் துணிக்கு அது ஆகாது, நாமே செய்வோம் என்று தேங்காயெண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வாங்கி வைத்திருந்தேன். என்னிடமிருந்த சிறு புத்தகத்தில் இரண்டு முறைகள் இருந்தன. அடுப்பில் காய்ச்சி உப்புப் போட்டுப் பிரித்தால் மூன்று நாளில் துவைக்கலாம். காய்ச்சாமல் கலக்கி அச்சில் ஊற்றினால் காரம் அடங்க இருபத்தெட்டு நாள்.

காய்ச்சும் முறையில் எனக்கு ஒரு குறை. எத்தனை நிமிடம் என்று இல்லை. 'பதம் வரும்வரை' என்று மட்டும் போட்டிருந்தது. மற்றதில் எல்லாவற்றுக்கும் எண் இருந்தது.

"அல்வா கிண்டுத கைக்குப் பதம் தெரியாதா? மூணு நாளுள்ளதே செய்யலாம். அண்ணன் என்னைக்கு வருமோ, ஆரு கண்டா?" என்றாள்.

"அல்வா கெட்டா நாமளே தின்னு தீக்கலாம். இது கெட்டா பிள்ளைக்க தோலாக்கும் போவது."

எண் உள்ளதையே செய்தேன். ஒன்பது கட்டிகள் வந்தன. அவற்றைப் பலகையில் அடுக்கி, நாளைக்கு மூன்று தடவை திருப்பி வைத்தேன். காலையில் நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பேன். சுரீரென்று எரியும்.

சோப்பு ஊற்றிய பதினொன்றாம் நாள் பஸ் ஓடியது. உச்சிக்கு முன்பே மச்சான் வந்துவிட்டார். நான் விடவில்லை. இன்னும் பதினேழே நாள், சோப்போடு போகட்டுமே என்றேன்.

"மாப்பிள, பிள்ளைகிட்டயும் பதினேழு நாளு பொறுக்கணும்னு எழுதிக் குடுப்பீரோ?" என்றார் மச்சான். "நாளைக்கு பஸ் உண்டா இல்லியான்னு டிரைவருக்கே தெரியாது."

நான் அவள் துணிப்பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் மணி நேரமாவது வாதாடியிருப்பேன்.

"எனக்கு சோப்பும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். கைய எடுங்க," என்று அவளே பெட்டியை வாங்கி அண்ணனிடம் கொடுத்தாள்.

மறுநாள் பஸ் நின்றது. வண்டிக்காரர்களும் ரோட்டில் இறங்க மறுத்தார்கள். இருபத்துமூன்று நாள் அப்படியே போயிற்று. அதில் பதினான்காம் நாள், எட்டாம் மாதத்திலேயே, பிள்ளை பிறந்துவிட்டது. அவள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் மருத்துவச்சி இருந்தாள். எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

செய்தி வந்ததும் நடந்தே போனேன். பிள்ளையைக் காட்டினார்கள். மிகவும் சிறியது. பிள்ளைக்கு இப்போது பேரப்பிள்ளைகளே நான்கு பேர். ஆனாலும் அந்தப் பெட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருந்தால் என்று நினைத்தால் எனக்கு உட்கார்ந்திருக்க முடிவதில்லை. எழுந்து முற்றத்தில் நடக்கிறேன்.