குடிக்காதவனின் ஈரல்

குற்றாலத்தில் லாட்ஜ் மேனேஜராக இருப்பவன் குடிக்க மாட்டான் என்றால் தென்காசியில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். சாரல் மாதங்களில் எங்கள் லாட்ஜில் காலி பாட்டில் பொறுக்கவே தனி ஆள் இருந்தது நிஜம்தான். அதற்கு நான் என்ன செய்ய? கோயில் கட்டளை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை நான். என் வாயில் ஒரு சொட்டு பட்டதில்லை. பட்டதெல்லாம் பரோட்டாவும் நேந்திரம் சிப்ஸும் நெய் வடியும் அல்வாவும்தான். அதை நான் மறைத்ததுமில்லை, மறைக்கிற உடம்புமில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் வலது விலாவுக்குக் கீழே ஏதோ கனத்தது. தென்காசி டாக்டர் ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். ஈரலில் கொழுப்பு என்று வந்தது. என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். உடனே கேஸ் ஷீட்டில் ‘குடிப்பழக்கம் உண்டு’ என்று எழுதிவிட்டார்.

“நான் குடிக்க மாட்டேன் சார். அந்த வரிய அடிச்சிருங்க.”

“எல்லாரும் இதத்தான்வே சொல்லுதான். குடிக்காதவனுக்கு ஈரல் எப்படிவே கெடும்?”

அவர் அந்த வரியை அடிக்கவில்லை. அவருடைய கம்பவுண்டருக்குச் சொந்த ஊர் கடையம். எனக்குப் பெண் நிச்சயமாகியிருந்ததும் கடையத்தில். பத்திரிகை அடிக்கப் போகிற நேரத்தில் சேதி அங்கே எட்டி, பெண் வீட்டார் முகூர்த்தத்தைத் தள்ளி வைத்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தப் பெண்ணை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

“கோயில்ல சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிரு, சோலி முடிஞ்சிரும்” என்றான் அண்ணன்.

பொய்யை எழுதினவர் நிம்மதியாகத் தூங்குவார், நான் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டுமா? மாட்டேன் என்றேன். பயப்படுகிறான், குடிக்கிறவன்தான் என்று அதற்கும் பேசினார்கள்.

அப்போதுதான் மெடிக்கல் காலேஜிலிருந்து இன்னொரு டாக்டர், சின்ன வயசுக்காரர், லாட்ஜுக்கே என்னைத் தேடி வந்தார். ஈரலில் கொழுப்பு உள்ளவர்களின் கேஸ் ஷீட்டுகளைச் சேர்த்து ஆராய்ச்சி செய்கிறாராம்.

“குடிக்காதவங்களுக்கும் இது வருதுன்னு நெனைக்கேன். எல்லார் ஷீட்லயும் குடின்னு எழுதிட்டா எப்படித் தெரியும்? அதான் நேர்ல கேக்கேன். நீங்க குடிப்பீங்களா?”

என்னைக் கேட்ட முதல் டாக்டர் அவர்தான். கண் கலங்க, இல்லை என்றேன். ஈரலில் ஊசி செலுத்தி ஒரு துணுக்கு எடுக்க வேண்டும், ஆனால் ஆராய்ச்சியில் பெயர் வராது, ‘லாட்ஜ் ஊழியர், குடிப்பதில்லை’ என்று மட்டும் வரும் என்றார்.

“குடிகாரன்னு சொல்ல என் பேரு வேணும், இல்லன்னு சொல்ல வேண்டாமா? என் பேரப் போடுங்க. எங்க அப்பா பேரையும் போடுங்க.”

“அது வழக்கமில்ல.”

“அப்ப கடையத்துக்கு வந்து உங்க வாயால சொல்லுங்க.”

“நோயாளி விஷயத்த வெளிய சொல்லக் கூடாது.”

“நோயாளி நான்தானே? நான் சொல்லுதேன், சொல்லுங்க.”

மறுநாளே பஸ் ஏறினோம். பெண்ணின் அப்பா எங்களுக்குக் காப்பி கொடுத்து, டாக்டர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப நிசமாவே குடி கெடையாது?”

“கெடையாது” என்றார் டாக்டர்.

பெரியவர் என்னைப் பார்த்தார். “குடின்னா கல்யாணத்துக்கு அப்புறம் திருத்திரலாம்னுதான் தம்பி நாள மட்டும் தள்ளி வச்சோம். இது சீக்குல்லா? சீக்காளிக்கு எப்படிப் பிள்ளையக் குடுக்க?”

காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். டாக்டரும் என் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்.

“நான் வராமலே இருந்திருக்கலாம்” என்றார்.

“பொய்யச் சொல்லி எனக்குப் பொண்ணு வேண்டாம். ஊசிய எப்பக் குத்துதீய? பேரு வேண்டாம்னா விடுங்க. குடிக்க மாட்டான்னு மட்டும் இப்பமே என் கண் முன்னால எழுதுங்க. எனக்குப் பின்னால வாரவன்கிட்டயாவது டாக்டருங்க கேட்டுட்டு எழுதட்டும்.”