அழுக்குத்துணிக் கூடையும் எட்டு வரிகளும்

தடித்த தாளில் அழைப்பிதழ் வந்திருக்கிறது. ‘மைசூரில் முதன்முறையாக’ ஓர் இத்தாலிய நகைச்சுவை இசைநாடகமாம். ஒரே காதல் கடிதத்தை இரண்டு வீட்டு மனைவிமார்களுக்கு அனுப்பி மாட்டிக்கொள்ளும் பிரபுவின் கதை; பழைய ஆங்கில நாடகம் ஒன்றிலிருந்து எடுத்தது. அட்டையில் ஒரு பிரம்புக் கூடை. பார்த்ததும் எனக்கு பினாயில் வாசனை வந்தது. பின்னாலேயே கோபமும்.

இதே நாடகத்தை எங்கள் மாதா கோயில்காரர்கள் பல வருஷங்களுக்கு முன்பே இங்கே போட்டுவிட்டார்கள். எங்கள் கூடையில் பினாயில்தான் மணக்கும். பிரபுவை அழுக்குத்துணியோடு திணித்து ஆற்றில் கொட்ட வேண்டுமே, அதற்காக ஸ்டெல்லா அக்கா தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்தே கூடையை வாங்கி வந்துவிட்டார். நர்ஸ் அவர், எங்கள் கோயில் பாடகர் குழுவின் முதல் குரல். இத்தாலிய வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து, வார்டில் நடக்கும்போதெல்லாம் முணுமுணுத்து மனப்பாடம் செய்தார். டீச்சர்கள், குமாஸ்தாக்கள் என்று மொத்தம் பதினொரு பேர். ஹெப்பாள் தொழிற்சாலை ஃபிட்டர் ஒருவர்தான் பிரபு. கூடையின் அடி பிய்ந்து அவர் கால் வெளியே வந்தபோது மண்டபமே சிரித்தது. அக்கா காலை உள்ளே தள்ளிக்கொண்டே சுருதி பிசகாமல் பாடினார்.

நான் அப்போது புது நிருபர். விழாச் செய்திக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு வரிசை உண்டு: விளக்கேற்றியவர், தலைமை, வரவேற்புரை, நன்றியுரை. நிகழ்ச்சி அதற்குப் பிறகுதான். அப்படியே எழுதினேன். இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்டுவார்கள் என்பது தெரிந்தே எழுதினேன். எட்டு வரி போனது. பதினொரு பெயரும் அதில்தான் இருந்தன.

ஞாயிறு பூசை முடிந்து அக்கா பேப்பரோடு நின்றார். கொள்ளேகாலில் இருந்த அம்மாவுக்கும் சொந்தக்காரர்களுக்கும் அனுப்ப ஐந்து பிரதி.

“எம் பேரு எந்தப் பக்கம்டா?”

“இடமில்லக்கா.”

“விளக்கேத்தினவருக்கு இருந்துச்சே கணோ.” கோபத்தில் அக்காவுக்கு ‘டா’ கன்னடத்தில் வரும். “பாவம், தீக்குச்சி கிழிக்க எத்தன நாள் ரிகர்சல் பண்ணாரோ.”

இப்போது அழைப்பிதழ்காரருக்குப் போன் செய்து ‘முதன்முறை’யை எடுக்கச் சொன்னேன்.

“பழைய பேப்பர் பாத்தோம் சார். ஏதோ விழா நடந்திருக்கு. யார் பாடினாங்க, என்ன பாடினாங்க, ஒண்ணும் இல்ல. எழுதினவன் விளக்கு ஏத்தினதும் கிளம்பிட்டான் போல.”

எழுதினவன் நான்தான் என்று சொல்லவில்லை.

“பாடினவங்க பேர அனுப்புங்க சார், போட்டுடறோம்” என்றார்.

மண்டபம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. அக்கா கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். தாளை எடுத்தேன். ஸ்டெல்லா. ஃபிட்டர் சேவியர். ஐந்தாவது பெயரோடு பேனா நின்றுவிட்டது. விளக்கேற்றியவர், தலைமை, வரவேற்புரை, நன்றியுரை: நான்கு பேரும் பட்டங்களோடு, வரிசை மாறாமல் நினைவில் இருக்கிறார்கள்.