பெயரில்லாத பட்டன்கள்

சேலையூர் அபிகாயிலுக்குக் கல்லூரியில் படிக்கும்போதே பார்வை மங்கத் தொடங்கி, படிப்பு முடிவதற்குள் முழுவதுமாகப் போய்விட்டது. கம்ப்யூட்டர் திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரைப் பழகிக்கொண்டு, சானடோரியம் பக்கத்தில் ஒரு டிரஸ்டில் வேலைக்குச் சேர்ந்தாள். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பதிவு செய்யும் பாடங்களில் இருமலையும் தடுமாற்றத்தையும் வெட்டிச் சீராக்குவது அவள் வேலை. மவுஸைத் தொடாமல் கீபோர்டிலேயே எல்லாம் செய்வாள். அந்த வேலை அவளுக்கு ரொம்பவும் பிடித்திருந்தது.

அதற்கான மென்பொருள் இலவசமானது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதுவது. யார் வேண்டுமானாலும் நிரலைத் திறந்து திருத்தலாம். அதன் புதிய பதிப்பு வந்த அன்று அபிகாயில் ஒவ்வொரு இடமாக நகர்ந்து பார்த்தாள். "பட்டன்" என்றது குரல். அடுத்ததும் "பட்டன்." எது வெட்டும், எது சேமிக்கும் என்று தெரியவில்லை. பட்டன்களுக்குப் படம் வரைந்தவர்கள், குரல் வாசிப்பதற்கான பெயரை எழுதாமல் விட்டிருந்தார்கள்.

அவள் அனுப்பிய புகாருக்குப் பிரணவ் பதில் எழுதினான். நாவலூரில் ஐ.டி. வேலை, ஓய்வு நேரத்தில் இந்த மென்பொருளுக்கு நிரல் எழுதுபவன். ஒரு சனிக்கிழமை டிரஸ்டுக்கு நேரிலேயே வந்தான்.

"மானிட்டரை அணைச்சுட்டு ஒரு வார்த்தையை வெட்டிப் பாருங்க" என்றாள்.

வெகுநேரம் முயன்றான். "இப்படி நாங்க யாருமே செஞ்சு பார்த்ததில்லக்கா" என்றான்.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் வந்தான். அவன் எழுத, அவள் சோதிக்க, ஒவ்வொரு பட்டனாகப் பேச ஆரம்பித்தது. அவனிடம் கேட்டுக் கேட்டு அவளும் கொஞ்சம் நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். ஒரு வருஷம் போல ஆயிற்று. திருத்தங்களைத் தன்னார்வலர் குழு ஏற்றுக்கொண்டபோது, ஞாயிறு ஆராதனையில் போதகர் அவள் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் ஏறெடுத்தார்.

அடுத்த கோடையில் குழு மென்பொருளின் பட்டன்களும் திரையுமான முகப்பு முழுவதையும் வேறு நிரல் கருவியில் புதிதாக எழுத முடிவு செய்தது. பழைய முகப்போடு இவர்களின் உழைப்பும் போயிற்று. பிரணவ் வாதாடிப் பார்த்தான். முதலில் எல்லாருக்கும் வேலை செய்யட்டும், உங்கள் விஷயத்தை அப்புறம் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

"அந்த எல்லாருக்கும்ல நான் இல்லையா, பிரணவ்?"

"மறுபடி முதல்லேர்ந்து என்னால முடியலக்கா. ஆபீஸ்ல பாதிப் பேரை அனுப்பிட்டாங்க. வீட்ல கைக்குழந்தை."

"தெரியும்பா. நீங்க எவ்ளோ செஞ்சீங்கன்னு எனக்குத் தெரியும்."

பழைய பதிப்பை வைத்துச் சமாளித்தாள். டிரஸ்டில் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்ததும் அதுவும் ஓடவில்லை. மேலாளர் சூர்யநாராயணன் தயங்கித் தயங்கி, "கொஞ்ச நாளைக்கு ஃபோன் பாத்துக்கங்கம்மா" என்றார். வெட்டும் வேலை ஜேசன் என்ற புதுப் பையனுக்குப் போயிற்று.

அபிகாயில் வீட்டில் உட்கார்ந்து தனியாக முயன்றாள். சில பட்டன்களுக்குப் பெயர் கொடுக்க முடிந்தது. வெட்டுவதற்கான ஒலி அலை தெரியும் நடுப்பகுதி மட்டும் எதற்கும் வாய் திறக்கவில்லை. முடிந்தவரை எழுதி அனுப்பினாள். யாரும் பார்க்கவில்லை. சில மாதம் கழித்து, நீண்ட நாள் எந்த நடவடிக்கையும் இல்லாததால் இந்தத் திருத்தம் மூடப்படுகிறது என்று ஒரு தானியங்கிச் செய்தி வந்தது. ஸ்கிரீன் ரீடர் அதைத் தெளிவாக வாசித்தது.

"அந்தத் திருத்தம் என்னாச்சு?" என்று கணவன் டெனிஸ் சாப்பிடும்போது கேட்டான்.

"மூடிட்டாங்க."

"திரும்ப அனுப்பேன்."

"யாருக்கு?"



இப்போதும் அவள் ஃபோன் மேசையில்தான் இருக்கிறாள். பக்கத்து அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் பாடங்கள் துண்டு துண்டாகக் காதில் விழும். எந்த வாக்கியம் தவறான இடத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஆரம்பத்தில் எழுந்து போய் ஜேசனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் போவதில்லை.