பழசைக் குடுத்தாத்தான் புதுசு

கந்தக வாடை என்று சொன்னால் சரியாக இருக்காது. துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்தது போல ஒரு புளிப்பு... காற்றிலேயே இருக்கும்.

ராஜபாளையத்தில் எங்கள் பேட்டரிக் கடையின் பின்கட்டு அது. சார்ஜுக்குப் போட்ட பேட்டரிகள் மூடி திறந்து வரிசையாக இருக்கும். உள்ளே சோடா போலப் பொரிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

என் கணவரின் வெள்ளைச் சட்டைகளைத் தனி வாளியில்தான் துவைப்பேன். ஆசிட் பட்ட இடம் அன்றைக்குத் தெரியாது. துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட விரிக்கும்போதுதான், சல்லடை மாதிரி ஓட்டைகள் தெரியும். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் படிப்பித்த தையல் எனக்கு வேறு எதற்கும் அவ்வளவு உதவியதில்லை.

லாரிக்காரர்கள், டிராக்டர் வைத்திருந்தவர்கள், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்கு மைக்செட் போடுகிறவர்கள், எங்கள் சர்ச் பவனிக்கு விளக்குக் கட்டுகிறவர்கள்... எல்லோருக்கும் எங்கள் கடைதான்.

பழைய பேட்டரிகளை ஒருவர் வேன் கொண்டு வந்து அள்ளிப் போவார். எங்கே போகிறது என்று நாங்கள் கேட்டதில்லை. ஒருநாள் என் கணவர் அந்த வேனிலேயே ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

சேத்தூர்ப் பக்கம் ஒரு தோப்பின் ஓரம். பேட்டரியை உடைத்து, ஆசிட்டை மண்ணில் கொட்டிவிட்டு, ஈயத்தைச் சட்டியில் போட்டு உருக்கிக்கொண்டிருந்தார்களாம். அங்கே மேய்ந்த ஆடுகள் கால் ஊன்ற முடியாமல் கிடந்தனவாம்.

அன்று அவர் சாப்பாட்டைத் தொடவில்லை.

"அங்க உடைஞ்சு கிடந்தது அம்புட்டும் நம்ம கடையில வித்தது, ரோசு."

என் பெயர் ரோஸ். பல தடவை திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன்.

மறுநாள் முதல் கடையில் ஒரே பேச்சுத்தான். "பழசைக் குடுத்தாத்தான் புதுசு." வாங்கிய பழசை ஆசிட்டோடு அப்படியே, பதிவு பெற்ற ஆலைக்கு லாரியில் அனுப்புவார். முதல் லாரியில் தானும் கூடவே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

சுந்தரபாண்டியத்து டிராக்டர்க்காரர் ஒருவர் கடை வாசலில் நின்று போட்ட சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

"இதென்ன அண்ணாச்சி, பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்குற சம்பந்தமா? எம் பேட்டரி, நான் யாருக்கு வேணாலும் விப்பேன்!"

"வித்துக்கிடுங்க. புதுசையும் அவன்ட்டயே வாங்கிக்கிடுங்க."

"செத்த பேட்டரிக்கு இம்புட்டுக் கிராக்கியா வே?"

"செத்த பொறவுதான் அது ஆளைக் கொல்லுது."

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். டிராக்டர்க்காரர் எதிர்க் கடைக்குப் போனார். அங்கே பழசுக்குக் கூடுதல் விலை. எதுவும் கேட்கமாட்டார்கள்.

ஒவ்வொருவராக எதிர்க் கடைக்குப் போனார்கள். கடைசியில் மைக்செட்காரர்களும்.

அரசாங்க விதியும் பிறகு வந்தது. என் கணவர் சொன்னதையேதான் அதுவும் சொன்னது. எல்லாக் கடைகளிலும் அது சுவரில் போர்டாகத் தொங்கியது. போர்டுக்குக் கீழேயே பழைய பேட்டரி அதே வேனில் ஏறியது.

கடையை மூடினோம். முதலாளியாக இருந்தவர், பஞ்சாலையில் எலெக்ட்ரிக்கல் வேலைக்குச் சேர்ந்து சங்கு ஊதினால் கிளம்புகிறவர் ஆனார். நான் யாரிடமும் அதைப் பற்றிப் பேசியதில்லை. யாரையும் என்னிடம் கேட்கவும் விட்டதில்லை.

அவர் காலமான பிறகும், நாங்கள் குடிவந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில், மாடிப்படிக்குக் கீழே, அவர் மாட்டிய இன்வெர்ட்டர் பேட்டரி ஓடிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் தேதி எழுதியிருப்பார். கடைக்கால வழக்கம். அவர் கையெழுத்து இந்த வீட்டில் வேறு எந்தச் சுவரிலும், எந்தப் பொருளிலும் இல்லை.

போன கோடையில் அது அடங்கிவிட்டது. கடைக்குப் போனேன். கவுன்டரில் ஒரு சின்னப் பெண், கெட்டிக்காரி.

"பழசு இருக்குல்லா ஆச்சி?"

"இருக்கு. அதைத் தர்றதா இல்லை. முழு விலையும் வாங்கிக்கோ."

"அதை வீட்டுல வச்சு என்ன ஆச்சி செய்யப் போறீய? இப்ப கெடுபிடி ஜாஸ்தி. கம்பெனி எங்ககிட்ட எத்தனை பழசு திரும்ப வந்துச்சுன்னு கேக்கான். பழசைக் குடுத்தாத்தான் எங்களுக்கும் நல்லது."

அதே வார்த்தை... அவர் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியது. இந்தப் பெண் பில் போட்டுக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்கிறாள். இதை முதலில் யார் சொன்னார் தெரியுமா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. எதிரே நான் நின்றது, அந்த டிராக்டர்க்காரர் நின்ற இடத்தில்.

"நாளைக்கு ஆளை அனுப்பு" என்றேன்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பேட்டரியை ஒருக்களித்துத் தூக்கப் போனார்.

"சாய்க்காமத் தூக்குங்க. ஆசிட் சிந்தும்."

"ஆச்சிக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கே" என்று சிரித்தார்.

"எங்கே போகும் இது?"

"கம்பெனி லாரி வந்து எடுத்துட்டுப் போயிரும் ஆச்சி. அதுக்கு மேல நமக்கென்ன தெரியும்?"

அந்த வெள்ளை எழுத்து வாசல் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இருந்திருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு அந்த லாரியில் ஏறியிருப்பார்.

இப்போது இதற்காக எந்தக் கடையிலும் யாரும் சத்தம் போடுவதில்லை. பழசைக் கொடுக்கிறார்கள், புதுசைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இவ்வளவு சுலபமான காரியத்துக்காகவா ஒரு மனுஷன் கடையை இழந்தார்...

மாடிப்படிக்குக் கீழே சிவப்புத் தரையில் ஒரு சதுரம் வெளுத்திருக்கிறது. புது பேட்டரி அளவில் சிறியது, அதை மறைக்கவில்லை. வேலைக்கு வரும் பெண் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள்.

ஆசிட் தின்ற இடம் தேய்த்தால் போகாது. விடும்மா, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.