நீந்துவதா, நடப்பதா

புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வலது தோளில் சுருக்கென்றது. ஊன்றுகட்டை நழுவி, ரோட்டில் குப்புற விழுந்தேன். கண்டக்டர் தூக்கி நிறுத்தினார். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. குழந்தையில் வந்த போலியோ (முதுகுத்தண்டு நரம்பைத் தாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோய்) என் இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டிருந்தது. முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி என்னைக் கிணற்றில் இறக்கிவிட்டவர் அப்பா. தரையில் தவழ்ந்தவன் தண்ணீரில் ஊர்ப் பையன்களை முந்தினேன். பிறகு ஊனமுற்றோர் நீச்சல் போட்டிகளில் மாநில அளவில் பதக்கங்கள் வாங்கினேன். அடுத்தது தேசியப் போட்டி. கொஞ்சம் திமிராகவே திரிந்தேன்.

வலி போகவில்லை. சேலத்தில் எலும்பு டாக்டர் கையைத் தூக்கிப் பார்த்தார். தசைநார் (தசையை எலும்போடு இணைப்பது) நைந்துவிட்டது என்றார்.

"நடக்கறதும் இந்தத் தோள்லதான், நீந்தறதும் இதுலதான். ரெண்டையும் தாங்காது. ஒண்ணை விட்டுடுங்க."

"நீச்சலை உட்டா நடக்கலாமுங்களா?"

"பார்க்கலாம்" என்றார்.

எங்கள் வீட்டில் கக்கூஸ் கிடையாது. விடியுமுன் காட்டுப் பக்கம் ஒதுங்க வேண்டும். என் மனைவி மாராயி சொன்னாள்: "நானு தூக்கிட்டுப் போறனுங்க மாமா. நீங்க நீந்துங்க."

மனதாரத்தான் சொன்னாள். எனக்குத்தான் உடம்பு கூசியது. வளர்ந்த ஆண்பிள்ளை, பெண்டாட்டி இடுப்பில் உட்கார்ந்து வெளிக்குப் போவதா? நீச்சலை விட்டேன். தேசியப் போட்டிக்கு வேறொருவன் போனான்.

இரண்டு வருடம் கட்டையோடு நடந்தேன். பிறகு ஒருநாள் கை மேலே ஏறவில்லை. மிச்சம் பிடித்து வைத்த தோளும் போயிற்று. டாக்டர் மேல் கோபமில்லை, அவர் சத்தியம் எதுவும் செய்யவில்லை. இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை சொல்ல ஆசைதான். எது சரி என்று எனக்கே தெரியாது. நீந்தித் தோற்றிருந்தால் இந்த வயிற்றெரிச்சலாவது இல்லாமல் இருந்திருக்கும்.

இப்போது மாராயிதான் தூக்கிப் போகிறாள். கூச்சமெல்லாம் ஒரு வாரத்தில் செத்துவிட்டது. அவள் எழுந்தால்தான் எனக்குப் பொழுது விடிகிறது. பசியும் மூத்திரமும்கூட அவள் வேலை முடியும்வரை காத்திருக்கப் பழகிவிட்டன.

நேற்று என்னைக் காட்டில் இறக்கிவிட்டு அவளால் நிமிர முடியவில்லை. வரப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"இடுப்புப் புடிச்சுக்கிச்சுங்க, சரியாயிரும்."

சேலத்துக்குப் போய்க் காட்டிவிட்டு வா என்றேன்.

"நானு போயிட்டா உங்களை ஆருங்க தூக்குவாங்க?" என்று கேட்டுக்கொண்டே மறுபடி குனிந்து என்னை எடுத்தாள்.