அஷ்டமியில் பொதுக்குழு கூடாது

அமெரிக்காவில், பிஸ்கட்டவே ஊரில் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் மருந்துக் கம்பெனியில் பெரிய விஞ்ஞானி. மூன்று வருஷமாகப் பொதுக்குழுவைக் கூட்டவில்லை மனுஷன். "அங்கிள், மீட்டிங் எப்போ?" என்றால் மெட்ராஸ் பஞ்சாங்கத்தைப் பிரிப்பார். "இந்த சனிக்கிழமை அஷ்டமிம்மா. அடுத்தது கரிநாள். அப்புறம் ஆடி வந்துடும்." நமக்கு இங்கே விடியும்போது மெட்ராஸில் சாயங்காலம். அந்த ஊர் ராகு காலத்துக்கு இங்கே பயப்படுகிற விஞ்ஞானி!

எம்.ஏ. ஹிஸ்டரி படித்துவிட்டு, வேலைக்குப் போகக் கூடாத டிபெண்டன்ட் விசாவில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை நான் எடுத்த தமிழ் கிளாஸ் ஒன்றுதான் எனக்கு உயிர். அதை நிறுத்தி, சங்க ஹாலை அங்கிள் தன் மனைவியின் பஜனைக்குக் கொடுத்துவிட்டார். பொதுக்குழு ஓட்டுப் போட்டால்தான் திரும்பக் கிடைக்கும்.

இங்கிலாந்தில் பதினோரு வருஷம் பார்லிமெண்டைக் கூட்டாத ராஜா ஒருவன் இருந்தான். அவனை மடக்க ஒரு சட்டம் வந்தது. மூன்று வருஷத்துக்குள் ராஜா கூட்டாவிட்டால் மந்திரி கூட்டலாம், அப்புறம் பிரபுக்கள், யாருமே அசையாவிட்டால் ஜனங்களே தேர்தல் நடத்திக்கொள்ளலாம். எங்கள் சங்க விதிகளைப் புரட்டினேன். யார் எழுதிய புண்ணியமோ, 'தலைவர் கூட்டாவிட்டால் இருபது பேர் கையெழுத்திட்டுக் கூட்டலாம்' என்று ஒரு வரி இருந்தது.

கோயில் பார்க்கிங் லாட்டில் நின்று கையெழுத்து வாங்கினேன். வேண்டுமென்றே அஷ்டமியன்று, ராகு காலத்தில் கூட்டினேன். அங்கிள் வரவில்லை. கிளாஸ் திரும்பி வந்தது, தலைவர் பதவியும் என் தலையில் விழுந்தது. கையோடு, "இந்த இருபது கையெழுத்து வரியை யாராவது மிஸ்யூஸ் பண்ணிடுவாங்க, எடுத்துடலாம்" என்றேன். எல்லோரும் வடையைத் தின்றுகொண்டே கை தூக்கினார்கள்.

அந்த ராஜாவின் மகனும் பட்டத்துக்கு வந்ததும் இதைத்தான் செய்தான். மூன்று வருஷக் கெடுவை விட்டுவைத்து, கூட்டாவிட்டால் யார் கூட்டுவது என்பதை மட்டும் அடித்துவிட்டான். காலேஜில் அவன் பேருக்குப் பக்கத்தில் 'அயோக்கியன்' என்று பென்சிலால் எழுதி வைத்தவள் நான்.

அடுத்த வருஷம் பஜனை ஆன்ட்டி போன் பண்ணினார். "மீட்டிங் கூட்டும்மா, ஹால் விஷயம் பேசணும்." பஜனைக்கு ஆள் சேர்ந்துவிட்டது. ஓட்டுக்கு விட்டால் என் கிளாஸ் போச்சு. "ஒரு நிமிஷம் ஆன்ட்டி" என்று அலமாரியைத் திறந்தேன். அம்மா மெட்ராஸிலிருந்து அனுப்பிய பஞ்சாங்கம் உள்ளேயே இருந்தது.

"அய்யய்யோ, சனிக்கிழமை நவமியாச்சே ஆன்ட்டி!"