மதகு வழியாக வந்த கடல்

எங்கள் நைனா ஏரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவர். கடலைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது ரொம்பப் பெரிய ஏரி என்பதுதான். தொண்ணூறுகளில் இறால் மோகம் திருத்தணி வரைக்கும் வந்து சேர்ந்தபோது, ஏரிக்குக் கீழே இருந்த எங்கள் ஒரே நெல் வயலை விற்று, எல்லை தாண்டியதும் வரும் ஆந்திரக் கடலோரத்தில் ஒரு இறால் குட்டையை வாங்கிவிட்டார். அம்மா அழுது பார்த்தாள். நான் நைனா கட்சி.

முதல் வருஷம் அமோகம். அறுவடைக்கு, கடல் தண்ணீர் தினமும் கீழே இறங்கி வற்றும் நேரம் பார்த்து மதகைத் திறந்தோம். குட்டைத் தண்ணீர் கடலுக்குப் போகும் கால்வாய்க்கு ஓடியது. மதகு வாயில் கட்டிய வலையில் இறால் வந்து குவிந்தது. இவ்வளவு சுலபமா என்று வாயைப் பிளந்தேன்.

அந்தக் கோடையில் நைனா எங்கள் ஊரில் எவரும் செய்வதைத்தான் செய்தார். தூர் வாரினார். குட்டையின் தரையை இடுப்பளவு வெட்டி, அந்த மண்ணைக் கரைமேல் ஏற்றினார். கடல் உயர்ந்துகொண்டு வருகிறது என்று அங்கே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கரை உயர்ந்துவிட்டால் கடல் என்ன செய்துவிடும் என்று நைனாவுக்குத் தெனாவட்டு. விளைச்சல் நன்றாக வந்தால் திருத்தணி மலையில் மொட்டை போடுவதாக வேண்டுதல் வேறு.

இறால் பெருத்து நின்ற சமயம் பார்த்து, சுற்றுவட்டாரக் குட்டைகளில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. எங்கள் குட்டையைத் தொடுவதற்குள் பிடித்தாக வேண்டும். கடல் வற்றியதும் நைனா மதகுப் பலகையை உருவினார்.

தண்ணீர் வெளியே போகவில்லை. உள்ளே வந்தது.

வெளியே கட்டியிருந்த வலை சுருட்டிக்கொண்டு மதகுக்குள் வந்தது. நைனா பலகையைப் பிடித்தபடி பக்கத்துக் குட்டைக்காரரைப் பார்த்துக் கத்தினார். "இன்னாங்க இது, தண்ணி உள்ள வருது?"

அவர் ஓடி வந்தார். "தரைய வெட்டிட்டீங்களேங்க! கடல் வத்தினாலும் உங்க தரைக்கு மேலதான் நிக்கும். வெட்டாத என் குட்டையே பாதிதான் வடியுது. கடல் முன்ன மாதிரி எறங்கறதில்ல. நாங்கல்லாம் மண்ணு கொட்டித் தரைய ஒசத்திகினு இருக்கோம்."

இன்ஜின் வைத்து இறைத்தோம். பாதி இறங்குவதற்குள் நோய் முந்திக்கொண்டது; இறால் செத்து மிதந்தது.

ஏரியில் எவனாவது ஒரு கூடை மண் கொட்டினால் அடிக்கப் போகிற மனிதர், லாரி லாரியாக மண் வாங்கித் தன் குட்டைக்குள்ளேயே கொட்டினார். தண்ணீர் வடிந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்களில், உயர்த்திய அந்தத் தரையிலும் தண்ணீர் வடியாமல் நின்றது.

"இன்னொரு வாட்டி ஒசத்தணுங்க" என்றார் பக்கத்துக் குட்டைக்காரர்.

"எத்தினி வாட்டி?" என்று கேட்டார் நைனா. குட்டையை அப்படியே போட்டுவிட்டு நாங்கள் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டோம்.

நைனா எங்கள் பழைய வயலுக்கே கூலியாகப் போனார். ஒரு நாள் சோறு எடுத்துக்கொண்டு போனேன். ஏரி மதகைத் திறந்திருந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நைனா குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"இன்னா நைனா பண்ற?"

"உப்பு இல்லம்மா" என்றார். மறுபடியும் குனிந்து விரலை நனைத்தார்.